மேலாக மொண்ட திராட்சை

இன்று ஈப்போவில் ஒரு கோயில் அன்னதானத்துக்குப் போயிருந்தேன். இன்னும் கோபம் ஆறவில்லை.

எழுபதுகளில், பீடோர் பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில், திருவிழா அன்று மட்டும்தான் பச்சரிசிப் பாயசம். நெய்யில் வறுத்த திராட்சை மேலே மிதக்கும். முதல் பந்தியில், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகளின் குடும்பங்கள். அவர்களுக்குத் திராட்சையாகப் பார்த்து மேலாக மொண்டு ஊற்றுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஆட்களுக்கு இரண்டாம் பந்தி. எங்களுக்கு மிஞ்சுவது அடியில் தங்கிய அரிசி.

"பிள்ளைக்கு ஒரு திராட்சையாவது போடுங்கண்ணே" என்று அம்மா ஒருமுறை கேட்டார். பரிமாறியவர் காதில் விழாததுபோல் நகர்ந்துவிட்டார்.

இன்று பரிமாறியவர் எங்கள் எதிர் லயத்தில் வளர்ந்தவர். அப்போது அவரும் இரண்டாம் பந்திதான். என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நம்ம தோட்டத்து ஆளுலா நீங்க. இருங்க, மேலாப்புல எடுத்துத் தாரேன்."

என் கிண்ணத்தில் திராட்சை குவிந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெண், மடியில் குழந்தை. அவள் கிண்ணத்தில் வெறும் அரிசி.

"வாளியக் கலக்கி ஊத்துங்க தம்பி" என்றேன்.

"விடுங்கலா அக்கா. நாம அப்ப வெறும் அரிசிய சாப்பிடாததா?"

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கிண்ணத்தை அப்படியே வாளியில் கவிழ்த்தேன். கரண்டியைப் பிடுங்கி, அடி வரைக்கும் நானே கலக்கினேன்.

பந்தியே என்னைப் பைத்தியம்போல் பார்த்தது. பார்க்கட்டும்.

உங்கள் ஊர்க் கோயிலில் யாராவது வாளியைக் கலக்குகிறார்களா, இல்லை, அங்கேயும் நான்தான் வரவேண்டுமா?