ஆளுக்கு ஒரு கெண்டை

சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் என் மனைவிக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. எதை வைத்தாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று நாலு வாயோடு தட்டை நகர்த்திவிடுவாள். நாங்கள் குடியிருக்கும் மத்திகிரியில் கிடைக்கிற ஐஸ் மீனையெல்லாம் வாங்கிவந்து பார்த்தாயிற்று. அவள் மேட்டூர் பக்கம் பிறந்தவள். மாசி மாதத்தில் ஒருநாள், ஆற்றுக் கெண்டை என்றால் ஒருவேளை இறங்கும் என்றாள். இரண்டு மாதத்தில் அவளாக வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கம்பெனி பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி எல்லாம் தாண்டிப் போனால் காவிரிக்கரையில் உரிமம் வைத்திருக்கும் பரிசல்காரர் ஒருவர் இருக்கிறார், ஆட்களைக் கூட்டிப்போய்த் தூண்டில் போட வைப்பார் என்றார். அந்த வார விடுமுறையிலேயே விடியுமுன் பைக்கை எடுத்துவிட்டேன்.

பரிசல்காரருக்கு என் வயதுதான் இருக்கும். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற பேச்சு. ஏறுவதற்கு முன்பே ஒரு விதி சொன்னார். மாசி பங்குனியில் தண்ணீர் வற்றி மீனெல்லாம் மடுவில் ஒதுங்கிக் கிடக்கும். தப்பிக்க இடமில்லாத மீனை அள்ளக்கூடாது. அதனால் ஆளுக்கு ஒன்று. பிடித்ததை வைத்துக்கொண்டாலும் அந்த ஒன்றுதான், தண்ணீரில் விட்டுவிட்டாலும் அந்த ஒன்றுதான். நான் என்ன லோடு ஏற்றவா வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் முனகிக்கொண்டு தலையாட்டினேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் தூக்கத்தில் நடந்ததுபோல் இருக்கிறது. தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆவி எழுந்தது. பரிசல் தானாக மெல்லச் சுற்றியது. ஒரு சுற்றில் கர்நாடகக் கரை முன்னால் வரும், மறு சுற்றில் நம் கரை வரும். கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று கவலைப்படுவதை விட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் அதே மருத மரங்கள், தண்ணீரில் அதே நிழல். பதினைந்து வருஷமாகக் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த மிஷின் இரைச்சல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. தூண்டிலுக்குக் கழி கிடையாது. கொக்கியில் ராகி உருண்டை, ஆள்காட்டி விரலில் நைலான் நரம்பு ஒரு சுற்று, அவ்வளவுதான். அவள் சோறு பிசைகிற கையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

விரலை யாரோ மெல்லத் தொட்டுக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. இழுத்தேன். வெள்ளி மின்ன ஒரு கெண்டை கைக்கு வந்தது.

கம்பெனியில் எனக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெல்ட்டில் வரும் பீஸை எடுத்து அளவு பார்த்து, சரியாக இருந்தால் வலதுபக்கம் வைக்கவேண்டும், இல்லையென்றால் இடதுபக்கச் சிவப்புத் தட்டில் போடவேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஆயிரம் முறை என்று கைக்குத்தான் தெரியும். அந்தக் கை கொக்கியைக் கழற்றியது, மீனை விரித்த விரல்களோடு வைத்துப் பார்த்தது, ஒரு சாணுக்கு அரை விரல் குறைவு என்று கண்டது, இடதுபக்கம் போட்டது. இடதுபக்கம் காவிரி.

"ஏன் சார் உட்டுட்டீங்க?" என்றார் பரிசல்காரர்.

"சைஸ் இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் விழித்தேன்.

அவர் நரம்பைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். மனைவியின் நிலைமையைச் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் எப்போதும். முழுக்கக் கேட்டுக்கொண்டார், அவர் முகமும் வாடித்தான் போனது. ஆனாலும், "உங்களுக்குன்னு வந்தது வந்துருச்சு சார். அடுத்த வாரம் வாங்க" என்பதற்கு மேல் இறங்கவில்லை. அடுத்த வாரம் அவளுக்கு ஆசை மிச்சமிருக்குமா என்று அவரிடம் எப்படிக் கேட்பது? கரை வரும்வரை தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் தேன்கனிக்கோட்டையில் ஒரு மீன்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். ஐஸ் கெண்டை வாங்கி ஆற்றுக் கெண்டை என்று சொல்லிவிடலாம். ருசி செத்த நாக்குதானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே வெட்கப்பட்டு வண்டியைக் கிளப்பினேன்.

வெறுங்கையோடு வீட்டுக்குள் போய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சைஸ் இல்ல என்ற இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்னையும் தெனம் அப்பிடித்தான் பாக்கறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அவளை எடை மிஷினில் ஏற்றுகிறவன் நான்தான். எத்தனை இட்லி, எத்தனை வாய் என்று எண்ணுகிறவனும், குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனும் நான்தான். அதெல்லாம் அன்பு என்றே இருந்தேன். அன்புதான். ஆனால் ஒவ்வொரு வேளையும் அவள் தட்டை நகர்த்தும்போது, தேறாத பீஸைப் பார்க்கிற மாதிரித்தான் அவளைப் பார்த்திருக்கிறேன்.

அவளே எழுந்துபோய் ரசம் சோறு பிசைந்து எடுத்துவந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிசல் எப்படிச் சுற்றியது என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அன்று அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.