படிவத்தில் ஒரு ‘இல்லை’

போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்ற திமிர் இன்னும் போகவில்லை. சென்ற ஆண்டு மலத்தில் ரத்தம் போனது. குடலுக்குள் காற்றை ஊதி விரித்து ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட, ராஜபாளையத்திலிருந்து மருமகளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மருமகள் ஒவ்வொரு கேள்வியாக வாசித்து எழுதினாள்.

“மாமா, குடலிறக்கம் இருக்கா?”

“இல்ல.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நாலு வருடமாகத் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. அதைப் போய் மருமகளிடம் எப்படிச் சொல்வது?

உள்ளே ஸ்கேன் எடுக்கிறவள் என் மகள் வயதுப் பெண். ஆசனவாயில் குழாய் வைக்கும்போதுகூட என் மானம் போகாதபடி போர்வையை இழுத்து மூடிவிட்டாள். காற்று ஏற ஏற வயிறு பொருமியது.

“வலிக்குதாய்யா?”

“இல்லம்மா.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அது என்னையறியாமல் தொடையிடுக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. காற்றை உடனே நிறுத்திவிட்டாள்.

“வெளிய மருமக இருந்தாவ, சரி. இப்ப நாம ரெண்டு பேருதான். குடல் எறங்கியிருக்காய்யா?”

“ஒன் வேலையப் பாரும்மா!” என்று எரிந்து விழுந்தேன்.

“இதுதாய்யா என் வேல.”

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். ஸ்டேஷனில் எத்தனையோ பேரை அதட்டி உண்மையை வாங்கியிருக்கிறேன். ஒருவனுக்காகவும் இப்படிப் பொறுமையாகக் காத்திருந்ததில்லை. சொல்லிவிட்டேன்.

ஊதிய காற்றை வெளியேற்றி, டாக்டரை அழைத்து, ஒரே ஒரு படம் எடுத்தாள். குடல் புடைப்புக்குள் இறங்கிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் ஊதியிருந்தால் அந்த இடத்தில் கிழிந்திருக்கும் என்றார் டாக்டர். ஒரு மணி நேரம் எழவிடாமல், வயிறு இறுகுகிறதா என்று அந்தப் பெண் வந்து வந்து தொட்டுப் பார்த்தாள். பிற்பாடு குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து, முழு ஸ்கேனையும் அவளிடமே எடுத்துக்கொண்டேன். பயந்தது எதுவும் இல்லை. அவள் கைக்குத் தங்கக்காப்பு போடலாம்.

அன்று வெளியே வந்ததும் அந்தப் பெண் மருமகளிடம், “ஸ்கேன் பொறவுதான் எடுக்கணும்” என்று மட்டும் சொன்னாள். மீதியை எனக்கு விட்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு நானே சொன்னேன்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வீட்டுல எல்லாருக்கும் தெரியும் மாமா. நீங்களே இல்லன்னு சொன்ன பொறவு நான் எப்படி எழுத?”