வாசலில் நிற்கும் மூக்கு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கிடங்கில் எல்லோருக்கும் அவள் மூக்கு. ஆன்லைனில் சட்டை வாங்குகிறவர்கள் ஒரு விருந்துக்குப் போட்டுக்கொண்டு போய் ஆடிவிட்டு, மறுநாள் அளவு சரியில்லை என்று யோக்கியர்கள் போலத் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சட்டையின் அக்குளை முகர்ந்து, போட்டதா போடாததா என்று சொல்வதுதான் அவள் உத்தியோகம். ஒரு நாளைக்கு நானூறு அக்குள். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் இத்தனையை முகர்ந்திருக்க மாட்டாள். இவளுக்கோ கல்யாணமே ஆகவில்லை.

மூக்குக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. நாவல் எழுதினாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், முப்பது வருஷம் கழித்து வரப்போகிற ஒரு கெட்ட காலத்தைப் பற்றி எழுதினாள்.

"வரப்போறது உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று தங்கை கேட்பாள்.

"தெரியவே வேணாம்டி. இன்னைக்கு நடக்குறத எடுத்துக்க. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ரெண்டு புள்ளி கூட்டு. அவ்வளவுதான் எதிர்காலம்."

எழுதக் காகிதம் கிடங்கிலேயே இருந்தது. 'நிறுவனம் முன்னேற உங்கள் யோசனை' என்று தலையில் அச்சடித்த தாள்கள் ஓய்வறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி. ஐந்து வருஷத்தில் அதற்குள் விழுந்தவை, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டு ஒரு தாளும் யாரோ மென்று துப்பிய சூயிங்கமும். தேநீர் இடைவேளையில் மூக்கு அந்தத் தாள்களின் பின்பக்கம் எழுதுவாள்.

ஏழாம் அத்தியாயத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஒருத்தி நிற்கிறாள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் கழுத்தையும் முகர்ந்து, இவன் குடித்திருக்கிறான், இவளுக்குக் காய்ச்சல், இவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சொல்கிறாள். சொல்லப்பட்டவர் அப்படியே திரும்பிப் போக வேண்டும். ஒருத்தியை மட்டும் தெரிந்தே உள்ளே விடுகிறாள். தன் தங்கையை.

முகர்வது ஒன்றுதான் கற்பனை. பேக்கிங்கில் நின்ற தங்கை நிஜம். நாலு மாசமும், அதை மறைத்த தொளதொளச் சட்டையும், இடது கையால் டேப்பை இழுத்து ஒட்டும் பழக்கமும் நிஜம். தங்கையின் ஒப்பந்தத்தை ஒன்றாம் தேதி புதுப்பிக்க வேண்டும். வயிறு தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். அவள் புருஷன் வெளியூருக்கு வேலை தேடிப் போனவன், வேலையோடு இன்னொருத்தியையும் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் இருந்தார்கள்.

ஒரு நாள் இடைவேளை முடியும் முன்பே மணி அடித்துவிட்டது. மூக்கு அந்த அத்தியாயத்தின் பதினொரு தாள்களை மேஜையில் விட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தால் மேஜை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"எல்லாத்தையும் பெட்டில போட்டுட்டேன்டா கண்ணு," என்றாள் கூட்டுகிற அக்கா. "ஒவ்வொண்ணா மடிச்சுப் போட்டேன். கையே வலிச்சுப்போச்சு."

பெட்டிச் சாவி மேலாளரிடம் இருந்தது.

மேலாளர் யாரையாவது வேலையை விட்டு அனுப்பும்போது முதலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். மூன்றாம் நாள் மூக்கைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் தரவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீ எழுதினதாம்மா?"

"கதை சார். சும்மா."

"கதைன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை படிச்சேன். அருமை. ஒரே ஒரு குறை."

"என்ன சார்?"

"முப்பது வருஷம் கழிச்சுன்னு போட்டிருக்க. எதுக்கு அவ்வளவு நாள்?"

திங்கட்கிழமையிலிருந்து அவளை வாசலில் நிற்கச் சொன்னார்.

"சார், கழுத்துல அதெல்லாம் தெரியாது சார். நான் புளுகினது."

"உனக்குத் தெரியணும்னு அவசியமே இல்லம்மா. தெரியும்னு அவங்க நம்பினா போதும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் வேறு யாராவது நின்றால் தங்கை மாட்டிக்கொள்வாள், நான் நின்றால் தப்பிப்பாள் என்று கணக்குப் போட்டாள். அவள் எழுதிய கதையிலும் அந்தப் பெண் இதே கணக்கைத்தான் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். மூக்கு குனியக்கூட இல்லை, பாரவண்டி ஓட்டுகிறவன் கையெடுத்துக் கும்பிட்டான். "நேத்து ஒரே ஒரு கிளாஸ்தான்க்கா. அதுவும் மச்சான் ஊத்தினது." காவலாளி குறித்துக்கொண்டான். இஸ்திரி போடுகிறவள் தானாகவே காய்ச்சலை ஒப்புக்கொண்டு அழுதாள். சாயங்காலத்துக்குள் ஆறு பேர் திரும்பிப் போனார்கள். ஆறு பேரில் ஒருவரையும் மூக்கு கண்டுபிடிக்கவில்லை.

தங்கை வந்து கழுத்தை நீட்டினாள். "நல்லா மோந்து பாருக்கா, ஓசிதானே," என்று கண்ணடித்தாள். இருவரும் தேய்த்துக் குளிக்கிற ஒரே சோப்பின் வாசனை.

"சரி, போ."

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் மறுபடி கூப்பிட்டார். மேஜையில் அவளுடைய ஒன்பதாம் தாள் விரித்திருந்தது.

"இதுல ஒரு சந்தேகம்மா. வாசல்ல நிக்கிறவ தன் தங்கச்சிய விட்டுடறா. பேக்கிங்ல இருக்கிறவ, இடது கையால டேப் ஒட்டுறவ. நம்ம பேக்கிங்ல இடது கைக்காரி எத்தனை பேரு?"

"அது கற்பனை சார்."

"எல்லாமே கற்பனைன்னுதான் சொன்ன. வாசல்ல மொத நாளே ஆறு பேரு ஒத்துக்கிட்டாங்களே." டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். "இது உனக்கில்ல. அந்தப் பொண்ண வரச் சொல்லு. ஆர்டர் குறைஞ்சுபோச்சும்மா, நான் என்ன பண்றது?"

மதியம் பஸ் ஸ்டாப்பில் தங்கை சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"என்னைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா?"

"பேர மாத்தித்தான்டி எழுதினேன்."

"பேர மாத்தினியே, கைய மாத்தினா என்ன? வலது கைன்னு எழுத எவ்வளவு நேரமாயிருக்கும்?"

மூக்கிடம் பதில் இருந்தது. தங்கை அந்தக் கையால் டேப்பை ஒரே இழுப்பில் இழுத்து, பெட்டியைத் தட்டித் தள்ளிவிடுவதைப் பார்க்க அத்தனை அழகாக இருக்கும். மற்றதையெல்லாம் ரெண்டு புள்ளி கூட்டி எழுதியவள், அதை மட்டும் தொடாமல் உள்ளபடியே எழுதினாள். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு வேலை இழந்து நிற்கிறவளிடம் அழகைப் பற்றிப் பேசினால் டப்பா மண்டைக்கு வரும்.

பஸ் வந்தது. தங்கை ஏறி, இந்தப் பக்கம் ஜன்னல் காலியாக இருந்தும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மூக்கும் கூடவே ஏறியிருக்கலாம். ஆனால் வீட்டில் இனி ஒரு சம்பளம்தான், சீக்கிரமே மூன்று வாய். திரும்பி நடந்தாள். மதிய ஷிஃப்ட் வரிசை அதற்குள் வாசலில் நின்றிருந்தது. முதலில் நின்ற பெண்ணை அவள் பார்த்ததில்லை. கழுத்தில் மை காயாத புது அட்டை, பேக்கிங் பிரிவு என்று போட்டிருந்தது.

"நான் இன்னைக்குத்தான் சேந்தேன்க்கா. எப்படி நிக்கணும்?"

"அட்டையை ஒதுக்கிட்டுக் கழுத்தக் காட்டும்மா," என்றாள் மூக்கு.