பத்தியம் இல்லாத மாத்திரை

"எல்லாம் சாப்பிடலாம்" என்று டாக்டரம்மா சொன்னதில்தான் வம்பே ஆரம்பித்தது.

பூந்தமல்லியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய கிளினிக். மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர். எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஆள் அப்படி ஒருவரைப் பார்க்கப் போனால், வேட்டி எடுக்கப் போகிற முகத்தோடுதான் படியேற வேண்டும். துணிக்கடைக்காரர் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பார். நாம் அவரைத் தாண்டி மாடிக்குத் திரும்பியதும் குரலை இறக்கி, "பாத்துப் போங்க, படி செங்குத்து" என்பார். நல்ல மனுஷன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

நான் அப்போது திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை வைத்து மிதியை மிதித்தால் அச்சு இறங்கி வாஷர் வெட்டிப் போடும். அந்த வேலையைவிட நான் அதிகம் செய்தது பேச்சு. மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி பேசுவேன். யார் எங்கே என்ன சொன்னாலும் பிடித்துவைத்து, மறுநாள் மெருகேற்றி ஒலிபரப்புவேன். மிஷின் ஷாப்பில் எனக்கு 'ரேடியோ' என்று பெயர்.

ஒருநாள் மிதியில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கை அச்சுக்குள் போய்விடும் என்று பயம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்; அப்போதும் அதே பயம். நெஞ்சு மிஷினைவிட வேகமாக அடித்தது. என்னைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து வாஷர் எண்ணுகிற வேலைக்குப் போட்டார்கள். பிறகு பஸ்ஸில் பயம், கடைத்தெருவில் பயம். கொஞ்ச நாளில் பயமும் அலுத்துப்போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். சோறு, சம்சாரம், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. பேச்சு நின்றுபோனது. என்னிடமிருந்து பேச்சை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு சட்டையும் டிபன் பாக்ஸும்தான்.

"இன்னா மாமே, பேட்டரி பூட்ச்சா? ஸ்டேஷனே கெடைக்கல" என்றான் பக்கத்து மேசை ஃபிட்டர். நான் சிரிக்காததைப் பார்த்து அவனும் சிரிப்பை நிறுத்தினான். அந்த மாடிக் கிளினிக்குக்கு வழி சொன்னவன் அவன்தான்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டு மாத்திரை எழுதினார். "வேலை செய்யக் கொஞ்ச வாரம் ஆகும். வாய் வறளும். நீங்களா நிறுத்தக் கூடாது. மத்தபடி எல்லாம் சாப்பிடலாம்."

வீட்டில் என் சம்சாரம் மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குத்தம்பாக்கத்துக்காரி. யாரையும் லேசில் நம்ப மாட்டாள்.

"பத்தியம் இன்னா சொன்னாங்கோ?"

"ஒண்ணும் இல்லமே. எல்லாம் சாப்புடலாமாம்."

"எல்லாமா? மஞ்சக்காமாலைக்குப் பத்தியம் கீது. அம்மைக்குக் கீது. நாய் கட்ச்சாகூட கீது. இதுக்கு இல்லயா? அப்போ அது மருந்தே இல்ல. பெப்பர்மிட்டு!"

அவள் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு மருந்து பாதி, விலக்கு பாதி. எதையாவது விட்டால்தான் நோய் விடும். டாக்டரம்மா மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, அவளே ஒரு பத்தியம் தயாரித்தாள். கருவாடு கூடாது, கத்திரிக்காய் கூடாது, பூசணி கூடாது, புளி வாசனையே கூடாது. எனக்கு உயிரானதையெல்லாம் எப்படித்தான் சரியாகப் பொறுக்கியெடுத்தாளோ.

மறுநாளிலிருந்து என் டிபன் பாக்ஸில் பூண்டு வதக்கல், புளி போடாத மிளகு ரசம், சுட்ட அப்பளம். மூடியைத் திறந்ததும் ஷாப் முழுக்கப் பூண்டு மணந்தது. பிள்ளை பெற்ற வீடுகளில் மட்டும் மணக்கிற மணம்.

ஃபிட்டர் எட்டிப் பார்த்தான். "மாமே... இன்னா கொயந்த? பையனா, பொண்ணா?"

அதிலிருந்து தினமும் அதே கூத்து. "தாயும் சேயும் நலமா?" என்பான் ஒருவன். "தூளி கட்ட எடம் பாத்துட்டியா?" என்பான் இன்னொருவன். நான் குனிந்து ரசத்தைப் பிசைந்து தின்றேன்.

வாய் நிஜமாகவே வறண்டது. காய்ந்த நெல்லிக்காயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். ஒருநாள் மதியம், "சுகப் பிரசவமா?" என்று ஃபிட்டர் கேட்டபோது, யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது: "ஆமா மாமே, ரெட்ட! ஒண்ணு உன்ன மாரியே கீது, அதான் கவலையா கீது."

ஷாப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. சில வாரத்தில் பழையபடி பிரஸ்ஸுக்கு வந்தேன். கால் தயங்காமல் மிதித்தது. ரேடியோ பழையபடி பாடியது.

என் சம்சாரமோ எல்லாப் பெருமையையும் பூண்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பத்தியம் என்று ஒன்று இருந்தால் அதை முறிப்பது என்றும் ஒன்று உண்டு. நோய் விட்டதும் தலைக்கு ஊற்றி, விலக்கியதைச் சமைத்துப் போடுவார்கள். அத்தோடு மருந்துக்கும் விடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தாள். எண்ணெய் தேய்த்து ஊற்றிவிட்டு, கத்திரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று தரம் வாங்கித் தின்றேன். மாத்திரை அட்டை சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது. நல்லாயிருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு என்று எனக்கும் தோன்றியது.

முதலில் தலை கிறுகிறுத்தது. எண்ணெய்க் குளியல் என்று நினைத்தோம். பிறகு தூக்கம் போனது. ஒருநாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்து, பாதி வழியில் இறங்கி, லாரிகள் உரசிப் போகிற ஹைவே ஓரமாக நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"கருவாடுதான்! பாழாப்போன கருவாடு!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். திரும்பவும் பூண்டு, திரும்பவும் ரசம். இந்த முறை பூண்டு கைவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "யோவ், உப்பே போடல. திட்டவாச்சும் திட்டேன்யா" என்றாள். நான் தட்டைக் காலி செய்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பு" என்றாள்.

துணிக்கடைக்காரர் இருவரையும் பார்த்து, "பாத்து, படி செங்குத்து" என்றார்.

மாடியில் கருவாட்டின் மேல் இருந்த குற்றங்களையெல்லாம் அவள் ஒன்று விடாமல் அடுக்கினாள். டாக்டரம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "மாத்திரை?" என்றார்.

"பத்தியம் முறிச்சப்புறம் மாத்திரை இன்னாத்துக்கும்மா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அம்மா, கருவாடு பாவம். மாத்திரையை நிறுத்தினதாலதான் இது. நல்லாயிருந்ததே அதைச் சாப்பிட்டதாலதான். சிலருக்கு சர்க்கரைக்கு வருஷக்கணக்கா மாத்திரை போடற மாதிரி இவருக்கு இது."

"வருஷக்கணக்கா? அப்போ பத்தியம்?"

"கிடையாது."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஒண்ணே ஒண்ணாச்சும் சொல்லும்மா. ஒண்ணுமே வுடாம தின்னா மனசு ஒப்பல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. குடிக்கக் கூடாது. இந்த மாத்திரைக்கு அது ஆகவே ஆகாது."

என் சம்சாரம் நிமிர்ந்தாள். "பிராந்தியா?"

"எதுவும்."

"எத்தினி நாளிக்கு?"

"மாத்திரை இருக்கிற வரைக்கும்."

நான் ஒன்றும் பெரிய குடிகாரன் இல்லை. போனஸ் அன்றைக்கு, ஆயுத பூஜை அன்றைக்கு, யாராவது ஊற்றிக் கொடுத்தால் உண்டு. ஆனால் அந்த நாட்களில் என்னைச் சைக்கிளோடு சேர்த்து வீட்டுக்குள் தள்ளியவள் அவள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியதை அன்றைக்கு இருந்த நிலையிலும் நான் பார்த்தேன்.

"அதச் சொல்லு தாயி! பத்தியம் கீது! அப்போ நிறுத்தவே நிறுத்தாத!"

மாடத்து அட்டை இறங்கியது. அதன்பின் ராத்திரிச் சோறு முடிந்ததும் மாத்திரையும் தண்ணீரும் அவள் கையிலிருந்துதான். நான் மறந்தாலும் அவள் மறந்ததில்லை. சில வாரத்தில் ரேடியோ திரும்ப எடுத்தது. தொண்ணூறுகளில் மாத்திரை மாறியது, அளவு குறைந்தது. குறைக்கலாம் என்று டாக்டரம்மா பேச்செடுக்கிற ஒவ்வொரு தரமும், "அவசரம் இன்னாம்மா இப்போ?" என்று பேரம் பேசுவாள். நோயைப் பார்த்துப் பயந்து பேசுகிறாளா, பிராந்தியைப் பார்த்தா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கருவாட்டுக் குழம்பு மட்டும் வாராவாரம் உண்டு.

ஆயுத பூஜைகளில் பொரியும் கடலையும் தின்றுவிட்டு, மிஷினுக்கு வைத்த குங்குமம் காய்வதற்குள் ஃபிட்டர் டம்ளரை நீட்டுவான். நான் உள்ளங்கையால் மூடுவேன்.

"பத்தியம் மாமே."

"இன்னுமா? எத்தினி வருசமா மாமே, இன்னும் பொறக்கலியா?"

"யானைக் குட்டி, மாமே" என்று நெல்லிக்காயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நான் மேலே பேச ஆரம்பிப்பேன்.