இசக்கியின் கை மேல் போட்ட பழி

இசக்கிக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். அவளுடைய கை கெடுக்கவில்லை, அவளுடைய நேரமும் கெடுக்கவில்லை. அவள் வேறு விதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்... நம்பட்டும் என்று விட்டவனும் நானே!

தென்காசியில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கணினி கற்றுத் தரும் சிறிய மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கணக்கு எழுதுவது, பில் போடுவது, சரக்கு இருப்பைப் பதிவது என்று எல்லாம் திரையிலேயே ஓடும் பாடங்கள். யாரோ ஒரு புண்ணியவான் முன்னொரு காலத்தில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்து கொடுத்தவை. உலகம் ஃப்ளாஷைக் கைகழுவிய பிறகும் நாங்கள் விடவில்லை. மூலையில் கிடந்த பழைய கணினியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, அதைப் பத்தியம் இருக்கும் நோயாளியைப் போலப் பார்த்துக்கொண்டோம். அதில் மட்டும் பாடங்கள் ஓடின.

இசக்கி அதில்தான் படித்தாள். வாசுதேவநல்லூர்க்காரி. சின்ன வயதில் மின்சாரம் தாக்கி வலக்கை போயிற்று. இடக்கையில் இரண்டு விரல்களுக்குத்தான் உயிர். மவுஸைப் பிடிக்க வராது. டேப் பொத்தானைத் தட்டித் தட்டி விடைக்கு விடை தாவுவாள். சரியான விடை வந்ததும் என்டரில் ஓர் அடி! பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் தென்காசியிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை என்று பேசி வைத்திருந்தோம். பாதிப் பாடத்தைத் தாண்டியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பழைய கணினி மண்டையைப் போட்டது.

“ஏல கணேசா, இனி ஒட்டுப்போட்டு ஆகாது. பாடத்தையெல்லாம் புதுசா மாத்துத சாப்ட்வேர் ஒண்ணைப் பாருலே. எது நல்லதுன்னு நீ சொல்லு, வாங்கிருவோம்,” என்றார் எங்கள் செயலாளர்.

தேடியதில் இரண்டு தேறின. முதலாவது பகட்டானது. பழைய கோப்பை உள்ளே தள்ளினால் மறுபக்கம் பளபளவென்று புதுப் பாடம் வந்து விழும். கைப்பேசியிலும் ஓடும். கேள்விகளைக்கூட அதுவே அழகுபடுத்தி, விடையை மவுஸால் இழுத்துக் கட்டத்துக்குள் போடும்படி மாற்றிவிடும். இரண்டாவது பார்க்கச் சப்பை. எழுத்தையும் படத்தையும் மட்டும் கொண்டுவரும். கேள்விகளை நாமே ஒவ்வொன்றாக மறுபடி அமைக்க வேண்டும். ஆனால் அதில் மவுஸே தேவையில்லை. விசைப்பலகை போதும்.

இரண்டையும் சோதித்தேன்... குத்துக்கல்வலசையில், என் வீட்டில், சாரல் காலத்தில். தென்காசிக்காரனுக்குச் சாரல் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ? குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எங்கள் வீடுகளில் சொந்தம் வந்து விழும். கூடமெல்லாம் பாய், கொடியெல்லாம் ஈரத்துண்டு. வந்தவர்களை அருவிக்குக் கூட்டிப்போகாதவன் மனிதனே அல்ல. சம்பளம் கொடுப்பவரிடம் சாக்குச் சொல்லலாம், மைத்துனனிடம் முடியாது.

முதல் மென்பொருள் மாற்றிய பாடத்தைத் திறந்தேன். ஒரு விடையை மவுஸால் இழுத்தேன். கட்டத்தில் அழகாகப் போய் உட்கார்ந்தது. பிறகு, இசக்கி நினைவு வந்து, டேப்பைத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. மறுபடி தட்டினேன்... அசையவில்லை.

“அத்தான், ஐந்தருவில கூட்டமே இல்லையாம்! இப்ப விட்டா பொறவு நிக்க எடம் கெடைக்காது, வாங்க,” என்று வாசலிலிருந்து கூப்பிட்டான் மைத்துனன்.

கணினியை மூடிவிட்டுப் போனேன். அருவி தலையில் அறைந்தபோது இசக்கியின் நினைவே இல்லை. குளியல் சுகமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் சாரல் முழுக்க உட்கார்ந்து கேள்விகளை அமைக்க வேண்டும். அதற்கு எனக்கு உடம்பு வணங்கவில்லை. வேறு காரணம் ஏதாவது இருந்ததா என்று பலமுறை தோண்டிப் பார்த்துவிட்டேன்... இல்லை.

மறுநாள் செயலாளரிடம் முதலாவதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எல்லாருக்கும் ஓடுமாலே? அந்த வாசுதேவநல்லூர் பிள்ளைக்கும்?”

“ஓடும் சார். பாத்துட்டேன்.”

பார்த்தது உண்மை. அதுதான் இதில் அசிங்கம்!

புதுப் பாடத்தின் முன் இசக்கி உட்கார்ந்தாள். தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“டேப் எடுக்க மாட்டேங்குதே அண்ணாச்சி.”

“இது புதுசுல்லா. இழுத்துத்தான் போடணும். பழகப் பழக வந்துரும்.”

மணிக்கட்டால் மவுஸை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். விடை பாதி வழியில் நழுவிப் பழைய இடத்துக்கே ஓடிப்போகும். மறுபடி அழுத்துவாள். மறுபடி ஓடும். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “நான் இழுத்துப் போடட்டுமா?” என்று கேட்டேன். “வேலைக்குப் போற எடத்துக்கும் நீங்க வருவியளா?” என்றாள். மணிக்கட்டு வீங்கும்வரை வந்துகொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“உங்க மேல கொறையில்ல அண்ணாச்சி. பொறுமையாத்தான் சொல்லிக் குடுத்திய. இந்தக் கைக்கு இவ்வளவுதான்.”

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, “அடுத்த பேட்ச்ல பாப்போம்.”

ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேறொருவர் போனார்.

சாரல் ஓய்ந்தது. சொந்தங்கள் ஊர் திரும்பினார்கள். நான் ஏதோ சாக்குச் சொல்லி இரண்டாவது மென்பொருளையும் வாங்க வைத்து, கேள்விகளை ஒவ்வொன்றாக அமைத்தேன். குற்ற உணர்ச்சி என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும்... இன்னொரு இசக்கி வந்தால் மாட்டிக்கொள்வோமே என்ற பயமும் அதில் பாதி. “கணேசன் கெட்டிக்காரன்லா!” என்று செயலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இசக்கிக்குப் போன் செய்தேன். டேப் இப்போது ஓடும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் ஓடவில்லை என்று கேட்பாளே! “பாடத்தைக் கொஞ்சம் சுளுவாக்கியிருக்கேன், வந்து எழுதிப் பாரு” என்றேன்.



“எனக்காவ சுளுவாக்கினியளா? வேண்டாம் அண்ணாச்சி. மத்த பிள்ளைய படிச்சதை என்னால படிக்க முடியலன்னா, விட்டுருதேன். பாவம் பாத்துக் குடுக்குத சர்டிபிகேட்டை வச்சு நான் என்ன செய்ய?”

என் பொய்யை மறைக்கச் சொன்ன ஒரு வார்த்தை, அவளுடைய ரோஷத்தில் போய்த் தைத்தது. வலித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடச் சாரலில் அவளே மையத்துக்கு வந்தாள், தன் சித்தி மகளைச் சேர்த்துவிட. அந்தப் பெண்ணுக்கும் கையில் குறை. உட்கார வைத்துப் பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் விரல் டேப்பில் பட்டது. விடைக்கு விடை வெளிச்சம் தாவியது.

இசக்கி குனிந்து பார்த்தாள்.

“டேப் ஓடுதே அண்ணாச்சி... எனக்கு ஏன் ஓடல?”

என் வாழ்க்கையில் இதைவிட நேரான கேள்வியை யாரும் கேட்டதில்லை. கோபமில்லை அதில். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டும்.

“அது வேற சாப்ட்வேர்மா. நீ போன பொறவுதான் இது வந்துச்சு,” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பார்த்தீர்களா!

“சரிதான். என் நேரம்,” என்று சிரித்தாள். தங்கையின் தோளில் அந்த இரண்டு விரல்களால் தட்டி, “நீ நேரம் பாத்து வந்திருக்கட்டீ, ஒழுங்காப் படி” என்றாள். பிறகு வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

சித்தி மகள் நன்றாகப் படிக்கிறாள். அவள் டேப்பைத் தட்டும் சத்தம் என் மேசைக்குக் கேட்கிறது. இசக்கியின் எண் என் போனில் இருக்கிறது. இவ்வளவையும் உங்களிடம் சொல்லிவிட்டேன்... நீங்கள் இசக்கி இல்லை என்பதால்.