மீனுக்கு வழிவிடும் மடிக்காகச் சங்கரன்கோவிலுக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு விசைப்படகில் வலைகட்டும் வேலை எனக்கு. கடலடியில் இழுத்துப்போகும் பைவலையான எங்கள் இழுவைமடியில் இறாலோடு மீன்குஞ்சுகளும் மலைமலையாக வரும். செத்ததை அள்ளிக் கடலிலேயே கொட்டுவோம். குஞ்சிலேயே மீன் அழிந்ததால், நாட்டுப்படகு வைத்திருந்த என் மச்சான் சவரிமுத்து பல நாள் வெறும் வலையோடு திரும்பினார். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார்.

மிரண்ட மீன் மேலே எழும்பும். இறால் தரையை ஒட்டியே வரும். மடிக்குள் குறுக்கே ஒரு தடுப்பு வலை கட்டி, மேல்பாதியில் ஒரு வாய் திறந்துவிட்டால் மீன் தப்பிவிடும். ஆனால் எங்களிடம் இருந்த நூல் நனைந்ததும் சுருங்கி மடியையே கோணலாக்கியது. சங்கரன்கோவிலில் சுருங்காத முறுக்குநூல் கிடைக்கும் என்றார்கள். முதலாளியிடம் மூன்று நாள் லீவு மட்டும் கேட்டேன்.

காலை ஐந்து மணிக்கு முதல் பஸ். கோவில்பட்டியில் மாறி, கழுகுமலை வழியாக ஏறக்குறைய அறுபது மைல். சேரும்போது பத்தரை. வழியெல்லாம் கரிசல் புழுதி. தண்ணீர் கொண்டுபோகாதது என் தப்பு.

நெசவாளி சண்முகம் அண்ணாச்சி கடலைப் பார்த்ததே இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தறியை நிறுத்தினார்.

"மீன் தப்பிச்சுப் போகவா வலை கட்டுதீரு?"

"குஞ்சு மட்டும் போனா போதும் அண்ணாச்சி. என் மச்சான் பொழைக்கணும்."

அவரும் அவர் மனைவியும் இழையை முறுக்கி, மூன்று தடவை தொட்டியில் நனைத்துக் காயவைத்து, முழம்போட்டுப் பார்த்துத் தந்தார்கள். மறுநாள் முழுக்க அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து தடுப்பைப் பின்னினேன். இரண்டு வேளைச் சோறும் அங்கேதான்.

அடுத்த திங்கட்கிழமை கடலில் இறக்கினோம். இரண்டு மணி நேரம் இழுத்துத் தூக்கினால், நான் நினைத்தது அப்படியே நடந்திருந்தது. மடியின் கடைசியில் இருக்கும் அடிப்பையில் இறால் மட்டும். ஆனால் குஞ்சுகளோடு பெரிய மீன்களும் போயிருந்தன. படகில் கூட வந்திருந்த முதலாளி குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை.

"போன மீன் திரும்ப வருமா? அந்த வாயைத் தச்சிரும்."

தைத்தேன். என் கையாலேயே. அடுத்த இழுப்பில் குஞ்சுகள் மறுபடி மலையாக வந்தன. அந்த வருஷமே மச்சான் படகை விற்றுவிட்டு மில் வேலைக்குப் போனார். கடைசிவரை என் வீட்டு வாசல் ஏறவில்லை.

நூலுக்காகச் சங்கரன்கோவில் போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் போகாதீர்கள், நிற்கக்கூட இடம் இருக்காது. நூலை நனைத்துப் பார்த்தே வாங்குங்கள். அதற்கெல்லாம் முன்னால், மீனை விட்டுவிட உங்கள் முதலாளிக்குச் சம்மதமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயே இருக்கமாட்டேன்.