லோன் இல்ல சார்

“லோன் வேணாம்மா” என்று எதிர்முனை சொல்லி முடிப்பதற்குள், “லோன் இல்ல சார், உங்க உசுரு” என்று ஞானகுமாரி சொல்லிவிடுவாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு இதுவரை மூன்று மெமோ.

அம்பத்தூரில் மூன்று கம்பெனிகளின் கார்களை விற்கும் ஒரு முதலாளியிடம் பதினான்கு வருடமாக வேலை. கோளாறான பாகத்தை மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று வாங்கினவர்களைக் கூப்பிட வேண்டும். ஆனால் ‘ரீகால்’ என்று வாயைத் திறக்கக் கூடாது. ‘பழுது’ கூடாது, ‘ஆபத்து’ கூடவே கூடாது. ‘இலவசப் பராமரிப்பு முகாம்’ என்று தேன் தடவிச் சொல்ல வேண்டும். முகாம் என்றால் யார் வருவார்கள்? இலவசக் கண் பரிசோதனைக்கே ஆள் பிடிக்க வேண்டிய ஊர் இது. “பிரேக் புடிக்காதுன்னு சொல்றதுக்கு இன்னாய்யா வெக்கம்? அத்த செய்யறப்போ இல்லாத வெக்கம்” என்று மேனேஜர் காதுபடவே கேட்பாள். அண்ணனூரில் ரயில் பணிமனைக்குப் பக்கத்தில் குடியிருந்து பழகிய தொண்டை. மெதுவாகப் பேச வராது.

மூன்று கம்பெனிக்கும் அவள் வைத்திருக்கும் பெயர்கள் வேறு. முதலாவது ‘சொல்றவன்’. எந்த வருட வண்டி, எந்தப் பாகம், என்ன ஆகும் என்று பத்திரிகையிலேயே போட்டுவிடுவான். இரண்டாவது ‘முணுமுணுப்பான்’. முகாம் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் அவன்தான். மூன்றாவது ‘ஊமைக்கோட்டான்’. அவனுக்கென்றும் இங்கே ஒரு மேசையும் போனும் இருக்கின்றன, ஆனால் அவனிடமிருந்து கூப்பிடப் பட்டியல் வந்ததே இல்லை. அவன் வண்டிகளில் ஒரே பாகம் உடைந்து மாதம் நாலாவது ஒர்க்‌ஷாப்புக்கு வரும். ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்று வண்டிக்காரர் தலையிலேயே பழியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஊர் என்ன சொல்கிறது? சொல்றவன் வண்டி டப்பாவாம், ஊமைக்கோட்டான் வண்டி இரும்புக் கோட்டையாம். கேட்டால் ஞானகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஜொரம்னு சொல்றவன் நோயாளி, சொல்லாம இருமுறவன் பயில்வானா?” என்பாள். மகள் ஸ்வீட்லினைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, காபி கொடுப்பதற்கு முன்பே வண்டி எந்த வருஷம் என்று கேட்டவள் அவள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

போன மாதம் முணுமுணுப்பானிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. முன்சீட் பெல்ட்டின் பூட்டு, வேகமாக இழுபட்டால் கழன்றுகொள்ளலாம். பட்டியலில் இருந்த திருவேற்காட்டுக்காரர் வண்டியை எப்போதோ விற்றுவிட்டார். வாங்கினவர் கள்ளிக்குப்பம் ராஜசேகரன், பட்டரைவாக்கத்தில் லேத் வைத்திருப்பவர். எண்ணைத் தேடிப் பிடித்துப் பதினோரு முறை கூப்பிட்டாள். ‘ஹலோ சார்’ என்றதுமே, பதினோரு முறையும் கட். மேனேஜரோ கம்ப்யூட்டரில் ‘தகவல் தெரிவிக்கப்பட்டது’ என்று தட்டிக் கணக்கை மூடிவிட்டார்.

“யாருக்கு சார் தெரிவிச்சீங்க, செவுத்துக்கா?” என்று கேட்டாள். அவர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் ஸ்கூட்டியில் கள்ளிக்குப்பம் போய் இறங்கினாள். ராஜசேகரன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வந்த விஷயத்தைக் கேட்டதும் கதவைத் தட்டிக் காட்டினார்.

“தகடு எவ்ளோ கனம் பாரும்மா. இரும்புலயே பொழப்பு ஓட்றவன் நானு, எனக்குத் தெரியாதா? பக்கத்து ஊட்டு வண்டிதான் டப்பா. வருசத்துக்கு ரெண்டு தபா கம்பெனிக்காரன் கூப்புடறான். என்னிய ஒருத்தனாவது கூப்ட்டுக்கிறானா?”

“நான் பதினோரு தபா கூப்ட்டேன் சார்.”

ராஜசேகரன் கையிலிருந்த குழாய் அவர் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

“முன்சீட்டுல யாரு உக்காருவாங்க?”

“எம் பொண்ணு. டெய்லி காலேஜுக்கு நான்தான் இட்டுனு போறேன்.”

ஞானகுமாரி ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினாள். ஒரு வெட்டு வெட்டி இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை. “பாத்தியா” என்றார் ராஜசேகரன். மூன்றாவது முறை இரண்டு கையாலும் இழுத்தாள். டக்கென்று பூட்டு கழன்று பெல்ட் அவள் கையோடு வந்தது.

அவர் நம்பவில்லை. அவளை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து இழுத்தார். அவருக்கு இரண்டாவது இழுப்பிலேயே கழன்றது. பூட்டின் வாயைக் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“கிருஷ்ணப்பிரியா, சாவிய எட்தா.”

சாவியோடு வந்த பெண், தானும் வருவதாகச் சொல்லி முன்கதவில் கை வைத்தாள்.

“நீ ஊட்லயே இரு கண்ணு. ஒர்க்‌ஷாப் இன்னிக்கும் தொறந்துதான் இருக்கும், நான் அப்பாவ இட்டுனு போறேன்” என்றாள் ஞானகுமாரி.

ஸ்கூட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஓட்ட உட்கார்ந்த ராஜசேகரனுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறினாள். பெல்ட்டைப் பூட்டி, பூட்டின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்பத்தூர் ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நிற்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.